அது சுபியோட கிட்டார்

அத மட்டும் தள்ளாதீங்க அக்கா. கோவிச்சுக்கிடாதீங்க. நான் இப்படி ஒதுங்கிக்கிடுதேன், நீங்க ஜன்னல் பக்கமா வந்துருங்க. பொட்டி அங்கேயே இருக்கட்டும். உள்ள கிட்டார் இருக்கு. சீட்டுக்கு அடியில வச்சா வண்டி ஆடுற ஆட்டத்துக்கு கம்பியெல்லாம் சுதி இறங்கிரும். மேல வைக்கலாம்னா மேல ஆள் படுத்திருக்கு. அவதான் என் மக. தாம்பரத்துல ஏறிப் படுத்தவ, சுவரப் பாத்துத் திரும்பிக்கிட்டா. தூங்கல. தூங்குற மாதிரி கிடக்கா. பெத்தவளுக்குத் தெரியாதா?

கிட்டார் அவளுதுதான். எனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நான் தூக்கிட்டு வாரேன், அவ்வளவுதான்.

நீங்க திருச்சிக்காரங்களா? விருதுநகர்லயா இறங்கணும்? அப்ப நேரம் இருக்கு. நாங்க பாளையங்கோட்டை. எம் பேரு செண்பகவல்லி. அக்கா, உங்ககிட்ட ஒரு நியாயம் கேக்கேன், மூணாம் மனுசியா இருந்து சொல்லுங்க. எங்க வீட்டுல அவியகிட்ட கேட்டா மக பக்கம்தான் பேசுவாவ. மின்வாரியத்துல வேலை. ஊருக்கெல்லாம் கரண்ட் குடுப்பாவ, வீட்டுல பொஞ்சாதிக்கு மட்டும் ஒரு வார்த்தை ஆதரவா வராது.

இவ பேரு சுபிக்‌ஷா. ஒம்பதாவது படிக்கையில ஸ்கூல் ஆண்டு விழாவுல யாரோ ஒரு பய கிட்டார வச்சு சினிமா பாட்டு வாசிச்சிருக்கான். வீட்டுக்கு வந்து எனக்கும் கிட்டார் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னா. இவதான் கேட்டா. இத நீங்க மனசுல வச்சுக்கிடணும். நானா போயி கேட்டேன்? எனக்கு அதுக்கு முன்னால கிட்டாருக்கு எத்தன கம்பின்னு தெரியாது.

எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி கிளாடிஸ் மிஸ் இருக்காங்க. சின்ன வயசுதான், முப்பது இருக்கும். மெட்ராஸ்ல முறையா கத்துக்கிட்டு வந்தவங்க. வகுப்பு எப்பன்னு விசாரிச்சுட்டு வருவோம்னு போனேன். நல்ல உச்சி வெயில். வராந்தாவுல ஏறுதேன், உள்ள மிஸ் தனியா வாசிச்சுக்கிட்டு இருக்காங்க. பெல் அடிக்கக் கையத் தூக்குனேன். அடிக்கல. வெயில்ல வந்த களைப்பு, கொஞ்சம் நிழல்ல நிப்போமேன்னு நின்னுட்டேன். ஒரே ஆளுதான் வாசிக்காங்க, ஆனா கேக்கையில கீழ ஒரு பாட்டு தனியாப் போகுது, மேல ஒரு பாட்டு தனியாப் போகுது. ரெண்டும் ஒண்ண ஒண்ணு இடிக்காமப் போகுது. எப்படி இதுன்னு சுவரப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அது நின்னப்புறம்தான் பெல்ல அடிச்சேன். மிஸ் கதவத் திறந்தவங்க, "என்னாச்சு அக்கா, அழுறீங்களா?"ன்னு கேட்டாங்க. கண்ணுல தண்ணியா வழியுது. பாளையங்கோட்டை வெயில் அப்படி.

மறுநா இவளக் கூட்டிட்டுப் போனேன். "சினிமாப் பாட்டுக்கு ஏத்த மாதிரி வாசிக்கப் பழகணுமா, இல்ல கிளாசிக்கலா?"ன்னு மிஸ் கேட்டாங்க. இவ "சினிமா"ன்னு வாயத் திறந்தா. நான் "கிளாசிக்கல்"னுட்டேன். ஏன்னா அதுலதான் பரீட்சை உண்டு, சர்டிபிகேட் உண்டு. பிள்ளைக்கு நாளைக்கு உதவும்ல? கிளாசிக்கல்னா நம்ம கர்நாடக சங்கீதம், கிட்டார்ல கீர்த்தனை வாசிப்பாங்க போலன்னுதான் நானும் நினைச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, இது வெள்ளக்காரங்களோட கிளாசிக்கல். சரி, எதுன்னா என்ன, கிளாசிக்கல் கிளாசிக்கல்தானே.

ஆரம்பத்துல எம்புட்டு இருக்கு தெரியுமா அக்கா! இவ மாமா வாங்கிக் குடுத்த கிட்டார மிஸ் தொட்டுப் பாத்துட்டு, இது இரும்புக் கம்பி, ஆகாதுன்னுட்டாங்க. இதுக்கு நைலான் கம்பி. கழுத்து அகலமா இருக்கணும். வேற வாங்குனோம். உக்காருறதே தனி. நாற்காலி நுனியில உக்காரணும், இடது கால உசத்தி வைக்கணும், அந்தத் தொடையில கிட்டார் உக்காரணும். அதுக்கு ஒரு குட்டி ஸ்டூல் வேணும்னாங்க. நான் சாமி ரூம்ல கிடந்த மணைப்பலகைய எடுத்து அடியில செங்கல் குடுத்து உசரம் சரி பண்ணுனேன். எத்தன உசரம் சரியா வருதுன்னு தெரியணும்ல, அதுக்கு நான்தான் உக்காந்து உக்காந்து பாத்தேன்.

அப்புறம் நகம். இடது கை நகத்த ஒட்ட வெட்டணும், கம்பிய அமுக்குற கை. வலது கை நகத்த வளக்கணும், அதுதான் கம்பிய மீட்டுற கை. வளத்தாப் போதாது, அரம் மாதிரி ஒண்ணு வச்சுத் தேய்ச்சு வளைவா வச்சுக்கிடணும். ஸ்கூல்ல பி.டி. டீச்சர் இவ கையப் பாத்துட்டு, "ஒரு கையில மட்டும் நகம் வளக்கியே, என்ன பேஷனா?"ன்னு வெளிய நிறுத்திட்டாங்க. நான் விடல. நேரா ஹெட்மிஸ்ட்ரஸ் ரூமுக்கே போனேன். இவ என் சேலையப் பிடிச்சு இழுக்கா, "அம்மா வேண்டாம்மா, எல்லாரும் பாக்காங்கம்மா, வெட்டிருதேன்மா"ன்னு. வெட்டுறதாவது! கிட்டார்னா என்ன, நகம்னா என்னன்னு ஹெட்மிஸ்ட்ரஸுக்கு விளக்கிச் சொல்லிட்டுத்தான் வந்தேன். அன்னையிலருந்து ஸ்கூல்ல இவளுக்கு நகக்காரின்னு பேராம். அதுக்கும் என்மேலதான் கோவம்.

எங்கிட்டயும் இருக்கு, பாக்கீங்களா? வலது கையில மட்டும். அது ஒண்ணுமில்ல, எவ்வளவு தேய்க்கணும், எந்த வளைவுன்னு இவளுக்குக் காட்டுறதுக்காக வளத்தது. பாத்திரம் தேய்க்கையில உறை போட்டுக்கிடுதேன்.

முதல்ல ஒண்ணும் பெருசாக் குடுக்க மாட்டாங்க. வெறும் கம்பிதான். இடது கை சும்மா இருக்கும். வலது கையில ஆள்காட்டி விரல், நடு விரல், ஆள்காட்டி விரல், நடு விரல், மாத்தி மாத்தி ஒரே கம்பிய. மிஸ் சொல்லுவாங்க, "நடக்கிற மாதிரி சுபி. ஒரு காலு வச்ச பெறகுதான் மறு காலு. ஓடாத." இவ ஓடுவா. அதுவும் ஒரே விரலாலேயே நொண்டியடிப்பா. வகுப்புல நானும் ஒரு மூலையில உக்காந்திருப்பேன். வயசுப் பிள்ளைய தனியா விட முடியுமா? மிஸ் அஞ்சு கோடு போட்டு முட்டை முட்டையா எழுதியிருக்கத காட்டி, "இது என்ன நோட்டு?"ன்னு கேப்பாங்க. இவ முழிப்பா. எனக்கு வாய் நிக்காது, சொல்லிருவேன். ரெண்டு தடவ பாத்தாங்க, மூணாந்தடவ, "அக்கா, சுபி சொல்லட்டுமே. நீங்க வராந்தாவுல காத்தாட உக்காருங்க"ன்னுட்டாங்க. மரியாதையாத்தான் சொன்னாங்க. நானும் கோவிச்சுக்கிடல. வராந்தாவுலயும் ஜன்னல் திறந்துதான் இருக்கும்.

இவ ஸ்கூலுக்குப் போனப்புறம் கிட்டார் சும்மா கிடக்கும். சும்மா கிடந்தா சுதி இறங்கிரும்ல? சாயங்காலம் வந்த உடனே பிள்ளை வாசிக்க வசதியா இருக்கட்டுமேன்னு நான் சுதி பாத்து வைப்பேன். அதுக்கு முறுக்காணியத் திருகுனா போதாது, வாசிச்சுப் பாத்தாத்தான் தெரியும். ஒருநா அவிய சாப்பாட்டுக்கு முன்கூட்டியே வந்துட்டாவ. நான் கவனிக்கல. நிமிந்து பாத்தா வாசல்ல செருப்புக் காலோட நிக்காவ.

"நீ எப்ப கத்துக்கிட்ட?"ன்னு கேட்டாவ.

"நான் எங்க கத்துக்கிட்டேன்? சுதி பாக்கேன்."

"சுதி பாக்கதா இது? முழுப் பாட்டால்லா இருக்கு. அடுப்புல என்ன தீயுது?"

சாம்பார் அடிப்பிடிச்சிருந்துச்சு. ஒரு நா. ஒரே ஒரு நா அடிப்பிடிச்சதுக்கு இன்னைக்கு வரைக்கும் சொல்லிக்காட்டுதாவ.

ஆனா அக்கா, எம் மகளுக்குக் கை நல்ல கை. நீள விரல். மிஸ்ஸே சொல்லியிருக்காங்க. மனசு வச்சா எங்கேயோ போயிருவா. மனசுதான் வைக்க மாட்டா. காலையில எழுப்பி உக்காத்துனா கண்ண மூடிக்கிட்டு வாசிப்பா. நான் அடுப்படியில இருந்துக்கிட்டே சொல்லுவேன், "மூணாவது விரல் வை! அந்தக் கம்பி அதிருது பாரு, நல்லா அமுக்கு! எண்ணு, எண்ணிக்கிட்டே வாசி!" வாசிப்பு நின்னு போகும். அப்புறம் அவ குரல் மட்டும் வரும்.

"நீ கேக்காம இரேம்மா. கொஞ்ச நேரம் கேக்காம இரு."

காது இருக்கே, எப்படிக் கேக்காம இருக்கது? நீங்களே சொல்லுங்க.

அவிய ஒருநா சொன்னாவ, "பிடிக்கலன்னா விடேன் செண்பகம், பிள்ளை மொகமே செத்துப் போச்சு"ன்னு. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். பிடிக்கலன்னு யாரு சொன்னா? அந்த வால்ட்ஸ்ஸ யாருக்காவது பிடிக்காமப் போகுமா? பரீட்சைக்கு மூணு பாட்டு உண்டு அக்கா, அதுல ஒண்ணு வால்ட்ஸ். மூணு மூணா எண்ணணும். முதல்ல வருத்தமாப் போகும், ஏதோ ஒண்ண தொலைச்சுட்டுத் தேடுற மாதிரி. நடுவுல சட்டுனு வெளிச்சம் வரும். ஒரு கம்பியில ஒரே ஒரு விரலத் தள்ளி வைக்கதுதான், அவ்வளவுக்கே அந்த வெளிச்சம். அப்புறம் மறுபடி பழைய வருத்தம். ஆனா இந்தத் தடவ அந்த வருத்தம் அப்படியே இருக்காது. ஒரு தடவ வெளிச்சத்தப் பாத்துட்டு வந்த வருத்தம்ல? எனக்கு என்ன தெரியும், மிஸ் சொன்னததான் சொல்லுதேன். மிஸ் இப்படிச் சொல்லலைன்னாலும் அர்த்தம் அதுதான்.

பரீட்சை மெட்ராஸ்லன்னு தேதி வந்துச்சு. தேதி நெருங்க நெருங்க இவ பேச்சக் குறைச்சுட்டா. சாப்பாடும் குறைஞ்சு போச்சு. நான் அவ போன வாங்கி என் கைப்பையில போட்டுக்கிட்டேன், கவனம் சிதறக்கூடாதுன்னு. ஒருநா சாயங்காலம் "வா, உக்காரு"ன்னு கூப்பிடுதேன், வந்து ரெண்டு கையையும் என் முன்னால நீட்டுதா. வலது கையில ஒரு நகம் இல்ல. ஒண்ணுகூட இல்ல அக்கா! ஒட்ட வெட்டியிருக்கா. ஒரு விரல்ல ரத்தமே கசிஞ்சிருக்கு. மொகத்துல ஒரு சலனம் இல்ல.

எனக்கு என் நகத்தையே வெட்டுன மாதிரி இருந்துச்சு. "ஏட்டி, என்ன காரியம் பண்ணிருக்க! இது வளர எத்தன நாளாகும்!"னு கத்துனேன். "அதான் இனி ஒண்ணும் பண்ண முடியாதுல்ல"ன்னா. அமைதியாச் சொல்லுதா.

ஏன் முடியாது? நான் விடுற ஆளா? மிஸ் எப்பவோ பேச்சுவாக்குல சொன்னது எனக்கு ஞாபகம் இருந்துச்சு. பெரிய பெரிய வித்வான்களுக்கே நகம் உடைஞ்சா டேபிள் டென்னிஸ் பந்த வெட்டி நகமா ஒட்டிக்கிட்டு வாசிப்பாங்களாம். ஓடிப் போயி ஒரு பந்து வாங்கிட்டு வந்தேன். கத்தரியால வெட்டி, தேய்ச்சு, பசை போட்டு ஒட்டுனேன். இவ கைய இழுத்துக்கிட்டா. நான் மணிக்கட்டக் கெட்டியாப் பிடிச்சு மடியில வச்சுக்கிட்டு ஒவ்வொரு விரலா ஒட்டுனேன். காயம்பட்ட விரல்ல பசை எரிஞ்சிருக்கும் போல, உதட்டக் கடிச்சுக்கிட்டா. ஆனா அழல. அது காயுற வரைக்கும் அவ கைய நான் விடவே இல்ல. எத்தன வருசம் கழிச்சு அவ கைய அப்படிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன் தெரியுமா? அவளுக்கும் அது பிடிச்சுத்தான் இருந்திருக்கும். ஒரு வார்த்தை பேசலையே.

முந்தாநா மெட்ராஸ் வந்து என் சித்தப்பா மக வீட்டுல தங்குனோம். நேத்துக் காலையில பரீட்சை. வேப்பேரிப் பக்கம் பெரிய பழைய கட்டடம். மாடியில ஒரு நீளத் தாழ்வாரம். ஒரு ரூம்ல வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் உக்காந்து பரீட்சை வைக்காரு. பக்கத்து ரூம்ல, கூப்பிடுற வரைக்கும் பிள்ளைங்க வாசிச்சு விரல சூடேத்திக்கிட்டு இருக்கலாம். தாழ்வாரத்துல பேர் கூப்பிட ஒரு பொண்ணு நிக்கா. இவளுக்கு முன்னால ரெண்டே பேரு. நான் பந்து நகம் ஆறையும் அமுக்கிப் பாக்கேன்... ஆறு எங்க, நாலு. பதட்டத்துல வாய் குழறுது பாருங்க. எல்லாம் உறுதியாத்தான் இருந்துச்சு. "பாத்ரூம் போயிட்டு வாரேன்"ன்னா. கிட்டார என் கையில குடுத்தா. போனா.

வரல.

முன்னால இருந்த ரெண்டு பேர்ல ஒரு பிள்ளை உள்ள போயிட்டு வெளிய வந்துட்டு. இவ வரல. போயிப் பாத்தேன். பாத்ரூம்ல ஆளே இல்ல. கைகழுவுற தொட்டியில வெள்ளை வெள்ளையா என்னமோ ஒட்டிக்கிட்டுக் கிடந்துச்சு. குனிஞ்சு பாத்தேன். நான் ஒட்டுன நகம். பிச்சுப் போட்டிருக்கா.

நேரா அந்தப் பேர் கூப்பிடுற பொண்ணுகிட்ட ஓடுனேன். "அடுத்த ஆள முன்னால விட்டுருங்கம்மா, எம் மகளக் கடைசியா வச்சுக்கிடுங்க"ன்னேன். "உங்க பொண்ணு எங்க மேடம்?"னு கேக்கா. "அது கிடக்கட்டும், நேரத்த மாத்த முடியுமா முடியாதா?"ன்னு கேட்டேன்.

ஏன் அப்படிப் பாக்கீங்க? முதல்ல நேரத்த வாங்கி வச்சாத்தானே தேடிக் கூட்டிட்டு வந்து வாசிக்க வைக்க முடியும்? நேரம் போச்சுன்னா எல்லாம் போச்சுல்ல?

அப்புறம் தேடுனேன். தேடாம இருப்பனா? கிட்டாரத் தூக்கிக்கிட்டே படியிறங்கி வாசலுக்கு ஓடுனேன். மெட்ராஸ் ரோட்டப் பாத்தேன். பஸ்ஸும் காரும் ஆட்டோவுமா... ஊரு தெரியாத பிள்ளை. பத்தாவது படிக்கிற பிள்ளை. கையில ஒரு பைசா கிடையாது. போன் பண்ணுவோம்னு பைய திறக்கேன், அவ போன் என் பையிலதான் கிடக்கு. ரோட்டுல ஒவ்வொரு யூனிபார்ம் போட்ட பிள்ளையும் எனக்கு இவளாத்தான் தெரிஞ்சுது. இவ யூனிபார்மே போடல. பரீட்சைக்குன்னு போட்ட கருப்பு பேண்ட்டு, வெள்ளச் சட்டை. பேர் சொல்லிக் கத்துனேன். ஒருத்தரும் திரும்பிப் பாக்கல.

ஒருவேள மேல வந்திருப்பாளோன்னு மறுபடி மாடிக்கு ஓடுனேன். இல்ல. அந்தப் பொண்ணு சொல்லுதா, "மேடம், கடைசி ஆள் உள்ள போயாச்சு. அவங்க வெளிய வரதுக்குள்ள உங்க பொண்ணு வரலைன்னா ஆப்சென்ட்தான்." அவிய நம்பருக்கு அடிச்சேன், எடுக்கல. எங்கயாவது கரண்ட் கம்பத்துல நிப்பாவ.

பக்கத்து ரூம்ல ஆள் இல்ல. போயி உக்காந்தேன். கையில எதையாவது பிடிச்சுக்கிடணும்ல? கிட்டாரத்தான் பிடிச்சேன். இவ ஓடி வந்தா உடனே உள்ள போகணுமே, சுதி சரியா இருக்கான்னு ஒரு கம்பியத் தட்டிப் பாத்தேன். அப்படியே அந்த வால்ட்ஸ்ஸ ஆரம்பிச்சேன். கம்பிய சூடா வச்சிருக்கணும்ல, அதுக்குத்தான்.

வீட்டுல ஒரு தடவகூட அத முழுசா முடிச்சது கிடையாது அக்கா. குக்கர் விசிலடிக்கும், இல்ல யாராவது வந்து கதவத் தட்டுவாங்க. நடுவுல அந்த வெளிச்சம் வரும்னேன்ல, அந்த இடத்துக்குப் போக விரல் தடுக்கும். நேத்துத் தடுக்கல. பயந்த இடமெல்லாம் தானா தாண்டிப் போகுது. கீழ ஒரு பாட்டு, மேல ஒரு பாட்டு. ரெண்டும் என் கையில இருந்துதான் வருது. அந்த நேரத்துல, சாமி சத்தியமாச் சொல்லுதேன், சுபி எங்க இருக்கான்ற நெனப்பு எனக்கு...

வண்டி எங்க நிக்கு? கொடைரோடா? இங்க கொய்யாப்பழம் நல்லாருக்கும். வேண்டாமா?

முடிச்சேன். கடைசி மூணு சுரமும் ஒண்ணா அடிச்சு, கம்பி அதிர்ந்து அடங்குற வரைக்கும் கைய எடுக்கல. அப்படித்தான் முடிக்கணும். நிமிந்தா அந்தப் பேர் கூப்பிடுற பொண்ணு வாசல்ல நிக்கா, வாயத் திறந்துக்கிட்டு. அவளுக்குப் பின்னால எம் மக.

ஓடிப்போயி கட்டிப் பிடிச்சிருப்பேன். கிட்டார் மடியில இருக்கு, எப்படி எந்திரிப்பேன்? "எங்கட்டி போன? சீக்கிரம் வா, நகம் போனாப் போகுது, விரல் சதையால வாசிச்சுக்கிடலாம், உள்ள போ"ன்னு கிட்டார நீட்டுனேன். அவ வாங்கல. என்னையே பாத்துக்கிட்டு நிக்கா. அவ கண்ணுல கோவம் இல்லக்கா. கோவம் இருந்தாத் தேவல.

"நீயே போயேம்மா உள்ள. உனக்குத்தானே வேணும்"ன்னா.

அடிச்சுட்டேன். அடிச்சேன்னு சொல்ல முடியாது, கை பட்டுச்சு. பட்டுன்னு சத்தம் வந்துச்சு. அந்தப் பொண்ணு "மேடம்!"னு ஒரு அடி முன்னால வந்தா. இவ கன்னத்தப் பொத்தக்கூட இல்ல. அப்படியே நின்னுக்கிட்டுச் சொல்லுதா, மெதுவாச் சொல்லுதா:

"இடது கையால அடிக்க. நீ வலது கைக்காரிதானேம்மா. அடிக்கையிலகூட நகத்தப் பாத்துத்தான் அடிக்க."

எந்தக் கைன்னு யோசிச்சா அடிக்கோம்? எந்தக் கை சும்மா இருந்துச்சோ அது போச்சு. வலது கையில கிட்டார் இருந்துச்சு. இருந்துச்சுன்னுதான் நினைக்கேன்.

அந்த வெளிநாட்டுக்காரர் ரூம் கதவு திறந்துச்சு. கடைசிப் பிள்ளை வெளிய வந்துட்டான். பொண்ணு எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தா. "நான் வாசிக்கல. ஆப்சென்ட் போட்டுக்கோங்க அக்கா"ன்னு இவளே சொல்லிட்டுப் படியிறங்கிட்டா. முடிஞ்சு போச்சு. அவ்வளவுதான், எல்லாம் முடிஞ்சு போச்சு.

எங்கேயும் போகலையாம். பின்பக்க கேட்டுல காவல் இருக்கிற ஒரு அம்மா பக்கத்துல உக்காந்திருந்திருக்கா. நாங்க வெளிய வரையில அந்த அம்மா சொல்லுது, "உங்க பொண்ணா? என்ன நல்லாப் பேசுது! சிரிச்சு சிரிச்சு எனக்கு வயிறே வலிச்சுப் போச்சு"ன்னு. யாரப் பத்திச் சொல்லுதுன்னே எனக்குப் புரியல. என் பக்கத்துல நிக்கவ ஒரு வருசமா சிரிச்சு நான் பாக்கல.

ஆட்டோவுல நான் பேச்சுக் குடுத்தேன். அடுத்த பரீட்சை எப்ப வரும், மிஸ்கிட்டக் கேட்டு, நகம் நல்லா வளந்தப்புறம்னு. ரோட்டப் பாத்துக்கிட்டே சொல்லுதா, "அம்மா, என்கிட்டப் பேசணும்னா கிட்டார் இல்லாத பேச்சு ஒண்ணு பேசு. அதுவரைக்கும் நான் பேச மாட்டேன்."

பெத்த தாய்கிட்டப் பேசுற பேச்சா இது? இதுக்குத்தான் உங்ககிட்ட நியாயம் கேக்கேன்.

கிளாடிஸ் மிஸ்ஸுக்கும் நேத்தே போன் போட்டுச் சொல்லிட்டா, என் போன வாங்கி. என்ன சொன்னாளோ, காலையில மிஸ் எனக்குக் கூப்பிட்டு, "அக்கா, அடுத்த பரீட்சைக்கு உங்க பேரக் குடுக்கட்டுமா? இதுக்கு வயசு வரம்பெல்லாம் கிடையாது"ன்னு கேக்காங்க. எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. நாப்பத்தி மூணு வயசுல, தாழ்வாரத்துல சின்னப் பிள்ளைங்க மத்தியில நான் உக்காரவா! முடியவே முடியாதுன்னுட்டேன். எந்த மாசம்னு மட்டும் கேட்டு வச்சேன். சும்மாதான். கேக்கதுல என்ன இருக்கு?

நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டேங்கீங்க. திருச்சியிலருந்து நான் ஒருத்தியேதான் பேசிட்டு வாரேன், இல்ல?

என்ன கேட்டீங்க? காலையிலருந்து அவகிட்ட என்ன பேசுனேன்னா? பேசலாம்னுதான் பாக்கேன். தாம்பரத்துலயே ஆரம்பிச்சேன். வாயத் திறக்கையில "கை இன்னும் வலிக்கா"ன்னு வருது. அது கிட்டார்ப் பேச்சாயிரும். ஸ்கூலப் பத்திக் கேப்போம்னா, ஸ்கூல்ல நகம். சாப்பிடுதியான்னு கேட்டேன், அதுக்குத் தலைய ஆட்டிட்டா, அது பேச்சுல சேராது. அவளுக்குக் கூட்டாளி யாருன்னு யோசிக்கேன், முன்னால ஒரு பிள்ளை வீட்டுக்கு வரும், பேரு வாயில வரமாட்டேங்கு. வாசிக்கிற நேரத்துல வரக்கூடாதுன்னு சொல்லிட்டேன். அப்புறம் அது வரல. உங்ககிட்ட இவ்வளவு நேரம் பேசுன வாய்தானே? அவகிட்ட ஒத்தப் பேச்சு கிடைக்க மாட்டேங்கு அக்கா. விழுப்புரம் வந்துச்சு, திருச்சி வந்துச்சு. தேடிக்கிட்டே இருக்கேன்.

மெதுவாப் பேசுங்க. அந்தா, எந்திரிக்கா. இறங்குதா. தண்ணிக்காயிருக்கும்.

ஏட்டி. சுபி.

ஒண்ணுமில்ல. இந்தா, தண்ணி. இப்படி உக்காரு, அக்கா தள்ளி இடம் குடுக்காங்க பாரு. ஒண்ணுமில்லட்டி, அதப் பத்தி இல்ல. நேத்து அந்தப் பின்பக்க கேட்டுல... அந்த அம்மாகிட்ட என்ன பேசிக்கிட்டு இருந்த? சிரிச்சு வயிறு வலிச்சுதுன்னு சொல்லுச்சே அந்த அம்மா. இல்ல, சும்மாதான் கேக்கேன். எனக்குத் தெரியாதுல்ல, அதான்.

யாரு? உங்க சயின்ஸ் சாரா?

ம்.

ம். அப்புறம்?